நடந்ததால மனசு லேசாச்சா, மனசு லேசானதால நடந்தேனா?

மாடிப்படி (இழையைத் தொடங்கியவர்)

வயசு 34. பைபோலார், டைப் 2: மனசு சில காலம் அளவுக்கு மீறி ஏறும், சில காலம் அடியோட இறங்கும். மதுரை. ஆறு வருஷமா மாத்திரை எடுக்கறேன். ரெண்டு மாசமா ஒரே கேள்வி மண்டையைக் குடையுது, அதான் இங்க எழுதறேன்.

எல்லாரும் என்னை நடக்கச் சொல்றாங்க. டாக்டர் சொல்றார், அம்மா சொல்றாங்க, கல்யாண வீட்டுல பார்த்த சித்தப்பாவும் சொல்றார். ஆனா டாக்டர் சொல்றப்போ அது மாத்திரையோட சேர்ந்த ஒரு விஷயமா வருது. மத்தவங்க சொல்றப்போ, நான் நடக்காம உட்கார்ந்ததாலதான் இந்த நோயே வந்துச்சுன்னு சொல்ற மாதிரி கேக்குது. இறக்கத்துல கிடக்கறப்போ கட்டில்ல இருந்து பாத்ரூம் எட்டு அடி. அந்த எட்டு அடி எழுந்து போக எனக்கு ரெண்டு மணி நேரம் ஆன நாள் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கு. போன மாசியில ஒரு ராத்திரி தெப்பக்குளத்தைச் சுத்தி பதினொரு சுற்று நடந்தேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல. கால் வலியே தெரியல. அந்த வாரம் முழுக்க மூணு மணி நேரத் தூக்கம். எல்லாரும் "நல்லா ஆயிட்டா, சுறுசுறுப்பா இருக்கா"ன்னு சந்தோஷப்பட்டாங்க. அது ஏற்றம்னு டாக்டர்தான் கண்டுபிடிச்சார்.

நான் தினமும் மனநிலைக்கு ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போட்டு டைரில எழுதறேன். போன்ல இருக்கற ஸ்டெப் கணக்கை அது பக்கத்துல எழுதிப் பார்த்தேன். நிறைய நடந்த நாளுக்கு மறுநாள் மார்க் கொஞ்சம் ஏறுது. ஆனா மார்க் நல்லா இருந்த நாளுக்கு மறுநாள் அதிகமா நடந்தேனான்னு பார்த்தா, அப்படி ஒண்ணும் தெளிவா இல்ல. நான் இவ்வளவு நாளா, மனசு நல்லா இருந்தா உடம்பு தானா எழுந்துக்கும்னு நினைச்சிருந்தேன். தலைகீழா இருக்குமோ? உங்க அனுபவம் என்ன?

தூறல்

அம்மா, எனக்கு வயது 67. பாளையங்கோட்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் மனச்சோர்வு வந்தது. டாக்டர் அதற்கு எழுதிய பெயர் பெரிது. எனக்குத் தெரிந்தது, காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தது போல இருக்கும் என்பதுதான். சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இளகும். மறுநாள் காலை திரும்பவும் அதே கல்.

வ.உ.சி. மைதானத்துக்கு என்னை அழைத்துப் போகப் பலரும் வந்தார்கள். போகவில்லை. என் வீட்டுக்காரி நடக்கச் சொல்லவே இல்லை. வீட்டுக்குப் பால் போடுகிற பையனை நிறுத்திவிட்டாள். "நீங்க பால் பாக்கெட் வாங்கிட்டு வந்தாத்தான் இன்னைக்கு காப்பி" என்றாள். பூத் முந்நூறு அடி தூரம். முதல் நாள் அவளும் கூட வந்தாள், பேசவே இல்லை. பதினைந்து நாள் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் பாலை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வராமல் மேட்டுத்தெரு வழியாகச் சுற்றி வந்தேன். ஏன் சுற்றினேன் என்று இன்றும் தெரியாது.

மாத்திரை அப்போது ஆறாவது வாரத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எது எதைத் தூக்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

நூலகப்பூனை

மாடிப்படி, உங்கள் டைரியில் நீங்கள் பார்த்ததைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். நான் மருத்துவ உளவியல் படிக்கிறேன், அதனால் இது கண்ணில் பட்டது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் கேத்லீன் மெரிகாங்கஸ் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு. மொத்தம் 242 பேர்: 54 பேர் பைபோலார், 91 பேர் மனச்சோர்வு, மீதிப்பேர் நோய் இல்லாதவர்கள். இரண்டு வாரம் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவி கட்டியிருந்தார்கள். கூடவே ஒரு நாளைக்கு நான்கு முறை கைக்கருவியில் கேள்வி வரும்: இப்போது மனம் எப்படி, தெம்பு எப்படி?

கிடைத்தது இதுதான். அசைவு கூடிய பிறகு மனநிலை மேம்பட்டது. ஆனால் மனநிலை மேம்பட்ட பிறகு அசைவு கூடியதாகத் தெரியவில்லை. அம்பு ஒரு பக்கம்தான் போகிறது. தெம்பின் கதை வேறு: அசைந்தால் தெம்பு கூடுகிறது, தெம்பு இருந்தால் அசைவு கூடுகிறது, இரண்டு பக்கமும் அம்பு. தூக்கத்துக்கும் அசைவுக்கும் இடையிலும் அப்படித்தான். இந்தக் கண்ணிகள் எல்லாம் பைபோலார் டைப் 1 (ஏற்றம் கடுமையாக வரும் வகை) உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட இறுக்கமாக இருந்தன. ஒன்றை அசைத்தால் மற்றது உடனே ஆடுகிறது.

என்னை யோசிக்க வைத்தது அந்தக் கடைசி விஷயம்தான். பைபோலாரை மனநிலையின் நோய் என்றே பேசிப் பழகிவிட்டோம். மேனியாவை, அதாவது பைபோலாரின் கடுமையான ஏற்றத்தை, கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013 பதிப்பில் ஒரு மாற்றம் செய்தது: மனநிலை உயர்ந்தால் மட்டும் போதாது, செயலோ தெம்போ கூடியிருக்க வேண்டும் என்று முதல் அடையாளத்திலேயே சேர்த்தார்கள். உங்கள் பதினொரு சுற்றை வீட்டார் சுறுசுறுப்பு என்றார்கள், டாக்டர் அடையாளம் என்றார். டாக்டர் பார்த்தது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: அந்த அம்பு மெல்லியது. ஒருநாள் நடந்தால் சோர்வு பறந்துவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சில மணி நேரக் கணக்கில் நடக்கும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அது.

வெறுங்கால்

இதைப் படிக்கறவங்க தயவுசெஞ்சு என் கதையையும் படிங்க.

எனக்கு டைப் 1. நாலு வருஷம் முன்னாடி ஒரு ஓட்டக் குழுவில சேர்ந்தேன். நல்ல மனுஷங்க. அதுல ஒருத்தர் "ஓடறதும் மாத்திரையும் ஒண்ணுதான், வெளிநாட்டுல நிரூபிச்சிருக்காங்க"ன்னார். எனக்கு அதைக் கேக்க அவ்வளவு ஆசையா இருந்துச்சு. மாத்திரையால உடம்பு பதினாலு கிலோ ஏறியிருந்துச்சு, காலையில எழுந்தா தலை பாரம். ஓட ஆரம்பிச்சதும் எல்லாம் குறைஞ்சுது. யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை நிறுத்தினேன். மூணு மாசம் என் வாழ்க்கையிலேயே நல்ல மாசங்கள்னு நினைச்சேன். காலையில ஓட்டம், சாயங்காலம் ஓட்டம், அப்புறம் ராத்திரியும். நாலாவது மாசம் ஆஸ்பத்திரி. வேலை போச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம் போச்சு.

அதனால "உடற்பயிற்சியே மருந்து"ன்னு யாராவது எழுதினா எனக்குக் கை நடுங்குது.

நூலகப்பூனை

வெறுங்கால், எழுதியதற்கு நன்றி. அந்த "நிரூபித்த" ஆய்வு எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி சொன்னதால்தான் இவ்வளவு கேடு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் 1999இல் வெளியிட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 156 பேர், எல்லாருக்கும் மனச்சோர்வு. மூன்று குழு: செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மேற்பார்வையில் வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, இரண்டும் சேர்த்து. பதினாறு வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரைக் குழுவினர் சீக்கிரம் தேறினார்கள். இதைத்தான் "ஒண்ணுதான்" என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

சொல்லாமல் விட்டவை: இது மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களிடம் செய்தது. பைபோலாருக்கு இதை எடுத்துப் போடவே கூடாது. அடுத்து, இதில் வெற்று மாத்திரை கொடுத்த குழு கிடையாது. அதே குழு 2007இல் 202 பேரிடம் அதையும் சேர்த்துச் செய்தது. முழுதும் தேறியவர்கள்: மாத்திரையில் 47 சதவீதம், மேற்பார்வைப் பயிற்சியில் 45, வீட்டிலேயே செய்த பயிற்சியில் 40, வெற்று மாத்திரையில் 31. அந்த 31ஐப் பாருங்கள். எதுவும் இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் தேறியிருக்கிறார்கள். யாராவது தொடர்ந்து நம்மைக் கவனிக்கிறார்கள், வாரா வாரம் கேட்கிறார்கள் என்பதற்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்று, இங்கிலாந்தில் 2012இல் வெளிவந்தது. 361 பேர். வழக்கமான சிகிச்சையோடு, பாதிப்பேருக்கு மட்டும் உடலசைவைக் கூட்ட ஆலோசனையும் ஊக்கமும் தந்தார்கள். அவர்கள் கூடுதலாக அசைந்தார்கள். ஆனால் மனச்சோர்வு மதிப்பெண்ணில் வித்தியாசம் வரவில்லை. அடுத்த வருடம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் உண்டு என்றாலும், கறாராக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அது சுருங்கிவிடுகிறது என்றது. 2024இல் 218 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை முன்னே நின்றன. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2000இல் வெளியிட்டது: கடுமையான மனச்சோர்வில் இருந்த 45 பேருக்கு மூச்சுப் பயிற்சி, இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மின்சிகிச்சை (தலையில் சிறிது மின்சாரம் செலுத்துவது) என்று பிரித்துக் கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது. மின்சிகிச்சை இரண்டையும் தாண்டியது. மூச்சுப் பயிற்சியைப் பற்றிய பாதியை எல்லாரும் பகிர்கிறார்கள், மின்சிகிச்சையைப் பற்றிய பாதியைப் பகிர்வதில்லை.

செம்பருத்தி

நான் கோயமுத்தூர்ங்க. எங்கம்மாவுக்கு 58 வயசு, ரெண்டு வருசமா மனச்சோர்வு, டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் இருக்கோம். இந்த இழையைப் படிச்சுட்டு நேத்து அம்மாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அழுதுட்டாங்க. "என்னால முடியலன்னு உனக்குப் புரியவே இல்லையா கண்ணு"ன்னு கேட்டாங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு. நான் தப்பு பண்ணிட்டேனாங்க? எப்படித்தான் எழுப்பறது?

மாடிப்படி

செம்பருத்தி, உங்கம்மா எடத்துல இருந்தவளா சொல்றேன். கையைப் பிடிச்சது தப்பில்ல. ஆனா இழுக்கறப்போ உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு பரீட்சை வந்துடுது. மாடி ஏறினா பாஸ், ஏறலன்னா ஃபெயில். அந்த நிலைமையில ஏற்கனவே ஒரு நாளைக்கு நூறு தடவை நம்மளை நாமே ஃபெயில் ஆக்கிட்டு இருப்போம்.

அம்மா முன்னாடி ஆசையா செஞ்சது எதாவது இருக்கா? நடை, பயிற்சின்னு பேர் வச்சது வேண்டாம்.

செம்பருத்தி

செடிங்க. வாசல்ல இருபது தொட்டி இருக்கு. ரெண்டு வருசமா நான்தான் தண்ணி ஊத்தறேன்.

தூறல்

அப்படியானால் நாளைக்கு ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் ஊற்றாமல் விட்டுவிடு மகளே. அம்மாவிடம் சொல், "இது உங்களுது" என்று. ஊற்றாவிட்டால் எதுவும் சொல்லாதே, சாயங்காலம் நீயே ஊற்றிவிடு. அம்மாவுக்கு எந்த நேரத்தில் கொஞ்சம் இளகும் என்று கவனித்தாயா? எனக்குச் சாயங்காலம். காலையிலேயே எழுப்பப் பார்த்தவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள்.

நூலகப்பூனை

ஐயா சொல்வதற்கும் உங்கள் வீட்டுக்காரம்மா செய்ததற்கும் எங்கள் துறையில் செயலூக்கச் சிகிச்சை என்று பெயர். மனம் தயாராகட்டும் என்று காத்திருக்காமல், முன்பு அர்த்தம் தந்த ஒரு செயலைச் சின்னத் துண்டாக்கி, நேரம் குறித்து, மனநிலை எப்படி இருந்தாலும் அந்தத் துண்டை மட்டும் செய்வது. கோவாவில் சங்கத் என்ற மனநல அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் இதை வைத்து ஒரு திட்டம் நடத்தினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு கடுமையானது முதல் மிகக் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ள 495 பேர். ஆலோசனை தந்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுதான். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

எனக்குத் தோன்றுவது: இங்கிலாந்தில் "அசையுங்கள்" என்று ஊக்கப்படுத்தினார்கள், கோவாவில் "உங்கள் வாழ்க்கையில் எது நின்றுபோனது?" என்று கேட்டார்கள். இரண்டு ஆய்வும் வேறு வேறு ஆட்களிடம் நடந்தவை, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பால் பாக்கெட் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பனங்கூடல்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில பிசியோதெரபிஸ்டா வேலை செய்யிறன். மனநோய் மருத்துவர் இல்லை, அதால என்ர எல்லைக்குள்ள மட்டும் சொல்லுறன்.

லித்தியம் (பைபோலாருக்குக் குடுக்கிற ஒரு மருந்து) எடுக்கிற ஆக்கள் இந்த இழையில கட்டாயம் இருப்பினம். உடம்பில தண்ணி குறைஞ்சா லித்தியம் ரத்தத்தில கூடும். எங்கட ஊர் வெயிலுக்க பத்து மணிக்கு மேல ஓடுறது, விரதம் இருந்துகொண்டு கடும் பயிற்சி செய்யிறது, வயித்தோட்டத்தோட நடக்கப் போறது எல்லாம் ஆபத்து. திடீரெண்டு உப்பைக் குறைக்கிறதும் அப்பிடித்தான். இன்னொண்டு, கனபேருக்குத் தெரியாதது: நடந்து முழங்கால் நோகுதெண்டு கடையில டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபன் வாங்கிப் போடாதேங்கோ. அதுகளும் லித்தியத்தைக் கூட்டும். நோவுக்கு என்ன போடலாமெண்டு உங்கட டொக்டரைக் கேளுங்கோ. கை வழமையைவிடப் பெரிசா நடுங்குது, சத்தி (வாந்தி), வயித்தோட்டம், கதை குழறுது, நடை தள்ளாடுது எண்டால் அடுத்த குளிசையை (மாத்திரையை) போடாமல் உடன ஆஸ்பத்திரி.

இரவு போடுற குளிசையால காலமை தலை பாரமெண்டு வெறுங்கால் எழுதினவர். அது சோம்பல் இல்லை. குளிசையை எத்தினை மணிக்குப் போடுறது எண்டதை மாத்தலாமோ எண்டு டொக்டரோட கதைக்கலாம். படுக்கையில இருந்து டக்கெண்டு எழும்பாமல், முதல்ல ரெண்டு நிமிசம் இருந்துபோட்டு எழும்புங்கோ. சில குளிசையளுக்கு எழும்பேக்க பிரஷர் விழும்.

மாடிப்படி

பனங்கூடல் அக்கா (அண்ணனா?), டைக்ளோஃபெனாக் விஷயம் எனக்கு ஆறு வருஷத்துல யாரும் சொல்லல. பதினொரு சுற்று நடந்த வாரம் நான் அதைத்தான் போட்டேன். நான் லித்தியத்துலதான் இருக்கேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட கேட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கியிருக்கேன்.

வெறுங்கால், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இப்போ ஓடறீங்களா?

வெறுங்கால்

நடக்கறேன். ஓட்டம் வேண்டாம்னு டாக்டர் சொல்லல, நானே ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கேன்.

எனக்கு ரெண்டு கோடு. கீழ் கோடு: எவ்வளவு மோசமா இருந்தாலும் பத்து நிமிஷம், தெரு முனை வரைக்கும். மேல் கோடு: எவ்வளவு நல்லா இருந்தாலும் நாப்பது நிமிஷத்துக்கு மேல கிடையாது, ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம் கிடையாது. மேல் கோடுதான் கஷ்டம். கீழ் கோட்டுக்கு எல்லாரும் கை தட்டுவாங்க. நாப்பதாவது நிமிஷத்துல கால் "இன்னும் போ"ன்னு சொல்றப்போ திரும்பி வர்றதுக்கு யாரும் தட்ட மாட்டாங்க. மேல் கோட்டைத் தாண்டணும்னு மூணு நாள் தொடர்ந்து தோணுச்சுன்னா டாக்டருக்கு போன் பண்ணணும்னு எழுதி வச்சிருக்கேன். அந்தக் காகிதத்தோட ஒரு நகல் தங்கச்சிகிட்ட இருக்கு.

நூலகப்பூனை

இங்கிலாந்தில் பைபோலார் உள்ள 25 பேரிடம் உடற்பயிற்சி பற்றி விரிவாகப் பேசி 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்: நாளுக்கு ஓர் ஒழுங்கு தருகிறது, கூடுதல் தெம்புக்கு வடிகால் ஆகிறது, ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னும் ஏற்றியும் விடுகிறது. இரண்டு பக்கமும் கூரான கத்தி என்று ஒருவர் சொன்னதையே தலைப்பாக வைத்தார்கள். பொது மக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு என்கிறது. உங்கள் மேல் கோடு, ஏழு நாளும் போனாலும் 280. யாரும் கணக்குப் போட்டுத் தராமல் நீங்களே அங்கே வந்து நிற்கிறீர்கள்.

செம்பருத்தி

ஒன்பது நாள் ஆச்சுங்க. ஆறு நாள் அந்தத் தொட்டிக்கு நான்தான் ஊத்தினேன். ஏழாவது நாள் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்தப்போ மண்ணு ஈரமா இருந்துச்சு. நான் எதுவும் கேக்கல. நேத்தும் ஈரமா இருந்துச்சு. இன்னைக்கு இல்லைங்க.

ஒரு ராத்திரி அம்மா "நான் இருந்து என்ன பிரயோசனம்"னு சொன்னாங்க. பயந்துட்டேன். அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு அடிச்சு டெலிமானஸ்ல பேசினேன், தமிழ்லயே பேசினாங்க. அப்படிச் சொன்னதை மறைக்காம டாக்டர்கிட்ட உடனே சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். மறுநாளே வரச்சொல்லி மாத்திரை அளவை மாத்தியிருக்காரு. தொட்டி, செடி எல்லாம் அதுக்கு அப்புறம்தானுங்க.

தூறல்

சரியான காரியம் செய்தாய் மகளே. இன்றைக்கு ஈரமில்லை என்றால் இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். நான் பதினைந்து நாளில் நான்கு நாள் போகவில்லை. அந்த நான்கு நாளும் என் வீட்டுக்காரி கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடிப்படி

ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு, லித்தியம் அளவு சரியா இருக்கு. டாக்டர்கிட்ட டைரியையும் ஸ்டெப் கணக்கையும் சேர்த்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மாசியில மனநிலை மார்க் ஏறறதுக்கு நாலு நாள் முன்னாடியே ஸ்டெப் கணக்கு ஏற ஆரம்பிச்சிருக்குன்னு விரல் வச்சுக் காட்டினார். நான் அதைக் கவனிக்கவே இல்ல. இனிமே மார்க்கைவிட ஸ்டெப் கணக்கைத்தான் முதல்ல பாக்கணும்னார், கூடறதையும் சரி, குறையறதையும் சரி.

வெறுங்கால் மாதிரி நானும் ரெண்டு கோடு போட்டிருக்கேன். கீழ் கோடு மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்கறது. மேல் கோடு தெப்பக்குளம் மூணு சுற்று, வெளிச்சம் இருக்கும்போது மட்டும். அம்மாகிட்ட ரெண்டையும் சொன்னேன். கீழ் கோடு உடனே புரிஞ்சுது. மேல் கோட்டுக்கு "நடக்கறது நல்லதுதானடி, அதுக்கு எதுக்கு அளவு"ன்னாங்க. மாசி மாசத்து டைரியை எடுத்து அவங்க கையில குடுத்தேன். படிச்சுட்டு, மூணாவது சுற்று முடியற எடத்துல தானே வந்து நிக்கறதா சொல்லியிருக்காங்க. இன்னைக்கு சாயங்காலம் மல்லிப்பூ பையோட நின்னாங்க.